ஆடியில் கட்டிய ஒரு மாதம்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி இருக்கிறது. அதன் மாடியில் ஜிம். பள்ளிக்கூடம் விட்டு வந்து பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அந்த மாடிக் கண்ணாடிதான். உள்ளே நீல வெளிச்சத்தில் வரிசையாக ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓடியும் அதே இடத்தில் இருப்பார்கள். கீழே பன்னும் வெண்ணெயும் மணக்கும். ஜூலைத் தூறலில் கண்ணாடி மங்கிவிட்டால் அவர்கள் தண்ணீருக்குள் ஓடுவதுபோல் இருக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பேன். எனக்கு நாற்பத்திரண்டு வயது, பள்ளிக்கூட டீச்சர். வேடிக்கை பார்க்கிற வயதா இது என்று யாராவது கேட்டால் சண்டைக்குப் போவேன்.

உடம்பு இளைக்கவேண்டும் என்றெல்லாம் ஆசையில்லை. இளைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அது வேறு. எனக்கு வேண்டியிருந்தது ஒரு மணி நேரம். எங்கே போனாய், என்ன செய்தாய் என்று எவருக்கும் தெரியாத, எனக்கே எனக்கான ஒரு மணி நேரம்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் கணவர் நல்லவர், அதில்தான் சிக்கலே. கல்யாணமான புதிதில் ஆரணியிலிருந்து இங்கே வந்து பேங்கில் சம்பளக் கணக்கு தொடங்கியபோது என்னிடம் போன் கிடையாது. அவர் நம்பரைக் கொடுத்தோம். பதினெட்டு வருடமாக அது அப்படியே நின்றுவிட்டது. நான் எங்கே கார்டு தேய்த்தாலும் பொம்மசந்திராவில் தொழிற்சாலையில் இருக்கும் அவர் சட்டைப்பையில் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். சாயங்காலம் சிரித்துக்கொண்டே, “என்ன, இன்னிக்கி புடவைக் கடையா?” என்பார். சந்தேகம் துளியும் கிடையாது, பாசம்தான். ஆனாலும் நான் வாங்கும் ஹேர்பின்வரை ஒருவருக்குத் தெரிந்திருப்பது மூச்சு முட்டும். மாற்றிவிடலாம் என்று சொல்ல வாய் வந்ததில்லை. சொன்னால் அவர் முகம் வாடிவிடும்.

ஒரு சனிக்கிழமை படியேறிவிட்டேன். வரவேற்பில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். பெயர், வயது, போன் எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

“ஆஷாட ஆஃபர் மேடம். வருஷத்துக்கு மொத்தமா கட்டினா பாதி ரேட்டு. மாசம் மாசம் கட்டினா ரொம்ப ஜாஸ்தி ஆகும். சொல்ப, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள். கன்னடத்தில் ஆஷாடம் என்றால் நம் ஆடி. நல்ல காரியம் தொடங்காத மாதம் என்பதால் கடைக்காரர்கள் விலையைக் குறைத்து ஆளைக் கூப்பிடுவார்கள்.

பழக்கதோஷத்தில் வீட்டில் சொல்லிவிட்டேன். கணவருக்கு ஒரே உற்சாகம். மறுநாளே கூட வந்து, ஃபிரிட்ஜ் வாங்கப் போனவர் மாதிரி ஒவ்வொரு மெஷினையும் தட்டிப் பார்த்தார்.

“வருஷத்துக்கே போட்டுடலாம்மா. என் கார்டுல ஈ.எம்.ஐ. ஆனா ஆடி போகட்டும்.”

“ஆஷாட முடிஞ்சா ஆஃபர் இருக்காது சார். அமாவாசையோட லாஸ்ட்” என்றாள் அந்தப் பெண்.

“அமாவாசைக்கப்புறமும் ஆடி இருக்கேம்மா.”

“இல்ல சார், மறுநாள்லேர்ந்து ஷ்ராவணம். ஒள்ளே மாசம் சார், நல்ல மாசம்.”

“அது உங்களுக்கு. எங்களுக்கு ஆடிதானே.”

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அவர்கள் மாதம் சந்திரனைப் பார்த்து நடக்கிறது, நம் மாதம் சூரியனைப் பார்த்து. பெங்களூரில் ஒரே தெருவில் எதிர்வீட்டுக்கு நல்ல காலம் பிறந்த பிறகும் எங்கள் வீட்டில் பத்துப் பதினைந்து நாள் ஆடி ஓடிக்கொண்டிருக்கும். பாதி விலையா, ஆடியா என்று என் கணவர் தவித்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆடியில் வாங்கிய எங்கள் வாஷிங் மெஷின் ஒரு வருடம்கூட ஓடவில்லை, அதை அவர் இன்னும் மறக்கவில்லை. கடைசியில், ஆடி முடிந்ததும் முழு விலைக்கே வருடக் கணக்கில் கட்டுவது என்று தீர்மானித்தார்.

எனக்கு உள்ளூர நிம்மதி. அவர் கார்டில் கட்டினால் என் ஒவ்வொரு காலையும் அவருடைய தவணையாகிவிடும். ஒரு நாள் போகாமல் தூங்கினால்கூட அவர் பணத்தில் தூங்கியதாகத் தோன்றும்.

அமாவாசை போனது. ஆஃபரும் போனது. எங்கள் வீட்டு மேல் மாடிப் பிள்ளைகள் இருவருக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். அவர்கள் அம்மா கையில் கொடுக்கும் பணம் எந்தக் கணக்கிலும் ஏறாமல் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துப் போய் ஒரு மாதத்துக்கு மட்டும், இருப்பதிலேயே அதிகமான விலையில், ரொக்கமாகக் கட்டினேன். அந்தப் பெண் நோட்டுகளை அதிசயமாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, “நாளையிலிருந்து வாக்கிங் போறேங்க” என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. கூசியது. இனிக்கவும் செய்தது.

ஜிம் கதவில் விரலை வைத்தால் திறக்கும். காலை ஆறு மணிக்கு டிரெட்மில்லில் ஏறினால் எதிரே கண்ணாடி, கண்ணாடிக்கு வெளியே மேகம் இறங்கிய தெரு. மெல்ல நடக்கத் தொடங்குவேன். கொஞ்ச நேரத்தில் நான் நிற்கிறேன், தெருதான் என்னைக் கடந்து போகிறது என்று தோன்றும். தூங்குமூஞ்சி மரம் போகும், பால் வண்டி போகும், முதல் பூசைக்குத் தலையில் முக்காடிட்ட பெண்கள் குடையோடு மாதாகோவிலுக்குப் போவார்கள். மணிச்சத்தம் கண்ணாடியில் மோதி மெலிந்து வரும். பேக்கரி அடுப்பின் வாசனை தரைவழியாக ஏறும். சில நாள் இது ஜிம்மா, நான் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேனா என்றுகூடக் குழம்பும். யாருடைய மனைவி, எந்த வகுப்பு டீச்சர் என்பதெல்லாம் கீழே செருப்போடு கிடக்கும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் காபி கொதிக்கக் கொதிக்க இருக்கும். தற்செயல் என்றுதான் நினைத்தேன். ஆடி முடிந்தும் அவர் வருடக் கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, வாக்கிங்கே போதும் என்று விட்டுவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

மாதம் முடிவதற்கு முந்தைய நாள் கணவர் சவரம் செய்துகொண்டே சொன்னார்:

“உன் ஜிம் நாளைக்கு முடியுதாம். பணம் கட்டணுமாம்.”

கண்ணாடியைப் பார்த்தபடியே அவர் தொடர்ந்தார். “தெனமும் மெசேஜ் வரும்மா. உள்ள போனா ஒண்ணு, வெளிய வந்தா ஒண்ணு. ரெண்டாவது வந்ததும் பாலை அடுப்புல வெப்பேன்.”

படிவம் நினைவுக்கு வந்தது. போன் என்ற இடத்தில் அவர் நம்பரை நானே எழுதியிருக்கிறேன். யோசிக்கவே இல்லை. பதினெட்டு வருடப் பழக்கத்தில் கை தானாக எழுதியிருக்கிறது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் யார்மேல் என்று தெரியவில்லை.

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொன்னா நீ விட்டுடுவ.” முகத்தைத் துடைத்தார். “ஆடியில கட்டிட்டியேன்னுதான் மனசுக்குக் கொஞ்சம் ஒரு மாதிரி இருந்துச்சு.”

சிரித்துவிட்டேன். பிறகு, இவ்வளவு வருடம் வாய் வராததைச் சொன்னேன். “நம்பரை மாத்தப் போறேங்க. ஜிம்லயும், பேங்க்லயும்.” அவர் முகம் வாடத்தான் செய்தது. ரேசரைக் கழுவி வைத்தார். “சரி, மாத்திக்கோ” என்றார்.

அன்று சாயங்காலமே அடுத்த மாதத்துக்குக் கட்டி, என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஆறு மணிக்குக் கதவில் விரலை வைத்ததும் என் போன் அதிர்ந்தது. வருகைக்கு நன்றி என்று எனக்கே வந்திருந்தது. நான் இங்கே இருப்பது என்னைத் தவிர எவருக்கும் தெரியாது. இதைத்தான் கேட்டேன், கிடைத்துவிட்டது. டிரெட்மில்லில் ஏறி நடந்தேன். தெரு நகர்ந்தது, மரம் நகர்ந்தது. ஏழு ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது, பாலை எப்போது வைப்பது என்று தெரியாமல் அவர் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. போனைக் கையில் எடுத்தேன். ஒரு வார்த்தை போதும். அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தேன், பிறகு போனைத் திரும்ப வைத்துவிட்டு இன்னும் ஒரு பத்து நிமிடம் ஓடினேன்.