ஏரி கேட்ட மருமகள்

1961 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தாபுராவுக்கு அப்பால் இருக்கும் ஓர் ஏரியைப் பார்க்கப் போனேன். போனதற்குக் காரணம் எரிச்சல். மர்பி டவுனில் பெண்கள் பள்ளியொன்றில் சரித்திரம் நடத்துகிறேன். ஆண்டு விழாவுக்கு அந்த ஏரியின் கதையை நாடகமாகப் போடச் சொன்னார் தலைமையாசிரியர். கரை உடைந்துகொண்டே இருந்ததாம். ஊர்த்தலைவர் வீட்டு நிறைமாத மருமகள் தானாகவே உடைப்பில் இறங்கி உயிரைக் கொடுத்தாளாம். அப்புறம் கரை நின்றதாம். எல்லாம் நிஜம், கல்லிலேயே வெட்டியிருக்கிறது என்றார். படித்துப் பார்க்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்று கிளம்பிவிட்டேன். துணைக்குத் தையல் டீச்சர் பிலோமினா வந்தாள்.

கலாசிபாளையத்தில் காலை ஏழு மணிக்கு ஓசூர் பஸ். சந்தாபுராவுக்குப் பதினைந்து மைல், அறுபது காசு. அங்கிருந்து ஆனேக்கல் சாலையில் இரண்டு மைல் நடந்தோம். ஏரிக்கரை அரை மைல் நீளம். ஒரு முனையில் சாலை, மறுமுனையில் ஊர். கல் ஊர்ப்பக்கம் இருக்கிறது.

கல்லில் எண்ணெயும் மஞ்சளும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. முனியப்பா என்ற ஊர்ப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டு துடைத்தோம். பழைய தமிழ் எழுத்து. தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தேன். ஏரி வெட்டியவன் பெயர் இருந்தது, கரையைப் பராமரிப்பவனுக்கு விட்ட நிலம் இருந்தது. பெண் யாருமில்லை.

அப்போது முனியப்பாவின் மருமகள் ரத்னா மாமியாரோடு வந்தாள். நிறைமாதம், கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனேக்கல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாலைக்கு அரை மைல் கரை இருக்க, இருவரும் முள்ளுக்காட்டுப் பாதைக்குத் திரும்பினார்கள். கர்ப்பிணி கரையில் கால்வைத்தால் ஏரி அவளையும் கேட்குமாம். அதனால் இந்த ஊர்ப் பெண்களுக்கு மாசமானால் இரண்டரை மைல் சுற்று. எனக்கு ரத்தம் கொதித்தது. கல்லில் அப்படியொருத்தியே இல்லை, வெறும் கதைக்காக இவளை ஏன் வதைக்கிறீர்கள் என்று முனியப்பாவிடம் சத்தம் போட்டேன்.

அவர் அசரவில்லை. "கல்லுல இல்லேன்னா நடக்கலேன்னு ஆயிடுமாம்மா?"

பதில் ரத்னாவிடமிருந்து வந்தது. "நடந்திருக்கும் மாமா. புடிச்சுத் தள்ளினவன் தள்ளினேன்னு கல்லுல எழுதுவானா? தானா எறங்கினாள்னு கதைதான் கட்டுவான்."

சரித்திரம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. கல்லில் இல்லை என்றதும் பொய் என்று முடித்துவிட்டேன். எவளோ ஒருத்தியைக் கொன்றும் இருக்கலாம். கொன்றுவிட்டு அவளே ஆசைப்பட்டு இறங்கினாள் என்று சொல்லி மஞ்சள் பூசியிருக்கலாம்.

ரத்னா என் தோளைப் பிடித்துக்கொண்டு கரையில் ஏறினாள். மாமியார் அழுதார், முனியப்பா கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். சாலைக்கு வந்ததும் ஆனேக்கல் பஸ்ஸை நிறுத்தி ஏற்றினோம், பிலோமினா கூடவே போனாள்.

நாடகத்தை நான் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் போவதானால் டிசம்பரில் போங்கள், ஏரி நிறைந்திருக்கும். ஊரில் கடை இல்லை. சாப்பாடும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் தாராளமாகக் கரைமேல் நடக்கலாம். நன்றாகத்தான் நிற்கிறது.