கசின் போட்ட பொரி

எங்கள் குடும்பத்துக்குள் ‘கசின்’ என்ற சொல் பாண்டிச்சேரி பஸ்ஸில் வந்து இறங்கியது. கூடவே ஒரு டெரிகாட்டன் சட்டையும் காதை மூடிய முடியும் இறங்கின. எல்லாம் என் அத்தை மகனுடையவை.

அதற்கு முன் அந்தச் சொல் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பெரியப்பா பிள்ளை, சித்தி பிள்ளை என்றால் அண்ணன் தங்கை. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை என்றால் கட்டிக்கொள்கிற முறை. எங்கள் ஊர் கோவில்பத்தில் தவழ்கிற குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்கு மட்டும் மறந்துவிடுமோ என்று நெடுங்காட்டு அத்தைக்குக் கவலை. வரும்போதெல்லாம், “என் மருமவ பள்ளிக்கூடம் போயிட்டாளா?” என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார். மருமகளுக்கு அப்போது முன்பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை.

மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாளில் முறைக்காரர்கள் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். வருடா வருடம் அத்தான் தலையில் ஒரு குடம் கவிழ்ப்பேன். அவரும் ஓடுவது போல ஓடி, சரியாக எனக்கு எட்டுகிற இடத்தில் வந்து நிற்பார். காலேஜில் சேர்ந்த பிறகு ஒரு வருடம் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். குடத்தோடு போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

“சட்டை வீணாயிடும்” என்று என்னிடம் சொல்லிவிட்டு நண்பரிடம், “இது என் கசின்” என்றார்.

“சொந்தத் தங்கச்சியா?” என்றார் அந்த நண்பர்.

“தங்கச்சி மாதிரிதான்.”

மாதிரிதானாம். குடத்தை அப்படியே வீட்டுக்குத் தூக்கிவந்து முருங்கை மரத்துக்கு ஊற்றினேன். மரம் முறையெல்லாம் பார்க்கவில்லை, அந்த வருடம் நன்றாகக் காய்த்தது.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒருவர் இருந்தார். அவரிடம் அர்த்தம் கேட்டேன். “பிரெஞ்சுலயும் அதே சொல்லுதாம்மா. அவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றார். கடல் கடந்து வந்து ஊர் ஊராகப் பிடித்தவர்களுக்கு, அத்தை மகனுக்கென்று தனியாக ஒரு சொல் வைக்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

படிப்பு முடிந்து அத்தானுக்குப் பாண்டிச்சேரியிலேயே ஆபீஸ் வேலை கிடைத்தது. அத்தை அழுதுகொண்டு வந்தார். “சொந்தத்துல கட்டுனா பொறக்குற புள்ளைக்குக் கொறை வருமாம். படிச்சவன் சொல்றான், நான் என்னத்தச் சொல்ல?” என்றார். விஞ்ஞானம். அதே விஞ்ஞானம் பக்கத்து மேஜையில் ஒரு பெண்ணையும் கண்டுபிடித்து வைத்திருந்தது.

அவரை நான் விரும்பினேன். சொல்லிச் சொல்லி வளர்த்ததால் வந்த விருப்பமா, தானாக வந்ததா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் ஒரே மாதிரிதான் வலித்தது.

அடுத்த தை மாதம் எனக்கும் கல்யாணம். மணவறையில் பெண்ணின் கையில் பொரி அள்ளிப் போட அண்ணனோ தம்பியோ வேண்டும். பொரி போட்டவன் உடன்பிறந்தவனுக்குச் சமம். அவள் பிள்ளைகளுக்கு அவன்தான் தாய்மாமன். எனக்கு உடன்பிறந்தவன் இல்லை. பெரியப்பா மகன் வெளிநாட்டில் இருந்தார். முதல் நாள் சாயங்காலம் பெண்கள் கூடி, எந்த ஊர் ஒன்றுவிட்ட தம்பியைப் பிடிப்பது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

“அத்தான் இருக்காங்களே” என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். “முறை உள்ளவன் பொரி போடுறதாடி?”

“அவங்கதானே தங்கச்சி மாதிரின்னாங்க.”

அத்தை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அத்தான் சுவரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அவருடைய புது மனைவிதான் எனக்குக் கைகொடுத்தார். “போட்டா என்னங்க? கசின்தானே?”

மறுநாள் அத்தான்தான் போட்டார். பாதிப் பொரி என் கையில் விழாமல் மணவறையில் சிந்தியது. அவர் முகத்தைப் பார்த்து என் வயிறு குளிர்ந்தது என்று எழுதத்தான் ஆசை. குளிரவில்லை. அவரை அத்தானாக நினைத்துக்கொள்ளும் உரிமை எனக்கும் அந்த ஒரு பிடியோடு தீர்ந்துபோனது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பொங்கலுக்கு அத்தை தன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அத்தானின் மகள், மூன்று வயது இருக்கும். என் மகன் கரும்பு கடித்துக்கொண்டிருந்தான். அத்தைக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது.

“ஒங்கப்பா பொரி போட்ட அத்தையோட பையனில்ல, ஒனக்கு முறைதான்! அதோ பாரு, ஒன் மாப்புள!”

குழந்தை என் மகனைப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டு அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நான் போய் அவளை என் இடுப்பில் வாங்கிக்கொண்டேன். “வேணாம் அத்தை. இவ மனசுல எதையும் சொல்லி வைக்காதீங்க. அவன் இவளுக்கு கசின், அவ்வளவுதான்.”

வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அத்தான் வெகுநேரம் நிமிரவே இல்லை.