சிவப்பு வெளிச்சத்தில் முகம் பார்த்தவள்

நான் பொறுமைசாலி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே நோயோடு இருக்கும் உங்களிடம் ஊரே "பொறுமையாக இரு" என்று சொல்லிச் சலித்திருக்கும். நானும் அதையே சொல்லப்போவதில்லை.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. தைப்பூசத்தன்று வெயிலில் தண்ணீர்மலைக் கோயில் வரை நடந்துவிட்டு வந்த மறுநாள், மூக்கின் இரண்டு பக்கமும் கன்னங்கள் சிவந்து தடித்திருந்தன. வெயில் சுட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. பாயான் லெப்பாஸில் எல்.இ.டி. விளக்கு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. கடுகளவு விளக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பழுதானதை இடுக்கியால் எடுத்துப் போட வேண்டும். அந்த வாரம் இடுக்கி பத்து தடவை கீழே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். கடைசியில் லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த உடலையே தாக்கும் நோய்) என்றார் டாக்டரம்மா. தமிழர்தான், நறுக்கென்று பேசுவார். ப்ரெட்னிசலோன் (வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை) எழுதிக் கொடுத்தார்.

"வெயில் ஆகவே ஆகாது. டியூப் லைட்கூட சில பேருக்கு ஒத்துக்காது. கவனமா இருங்க."

"டாக்டர், பிள்ளை பெத்துக்கலாமா?" என்றேன். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது.

"இப்ப வேணாம். ஆறு மாசம் நோய் அடங்கி இருக்கணும். மொகம், ரத்தம், மூத்திரம் எல்லாம் கிளீனா இருந்தா அப்புறம் பேசலாம் லா. மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

என் காதில் விழுந்தது ஆறு மாதம் என்பது மட்டும்தான்.

நீண்ட எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சுங்கை பினாங் பிளாட்டில் ஜன்னல்களுக்கெல்லாம் தடித்த துணி மாட்டினோம். காலையிலிருந்து மாலை வரை கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வெளி நடைபாதையில் வரிசையாக வைத்திருந்த என் செடிகளை உள்ளே கொண்டுவரச் சொன்னேன். ஒரு மாதத்தில் எல்லாம் பழுத்து உதிர்ந்தன. அன்றைக்கு உட்கார்ந்து அழுதேன்.

என் கணவர் சிவா அதே தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். கழித்துப்போட்ட சிவப்பு எல்.இ.டி. விளக்குகளை, மேலாளரிடம் கேட் பாஸ் எழுதி வாங்கி, ஒரு பை நிறையக் கொண்டுவந்தார்.

"செடிக்குச் செவப்பு வெளிச்சமே போதுமாம். எஞ்சினியர் சொன்னாரு. இதுல வெயில் சூடும் இல்ல, ஒனக்கும் ஒன்னும் பண்ணாது."

"கீரைக்கு டிஸ்கோ லைட்டா? நல்லா இருக்கு போங்க!" என்றேன். ஆனால் பலகையில் விளக்குகளை வரிசையாக ஈயம் வைத்துப் பற்றவைத்தது நான்தான். வீங்கிய விரல்களோடு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிந்தது.

பின்னறையில் பலகையைத் தொங்கவிட்டு, கீழே தட்டுகளில் பாயாம் கீரை விதைத்தோம். முளைத்தது. சிவப்பு வெளிச்சத்தில் பச்சை இலை கறுப்பாகத்தான் தெரியும். தண்டுகள் ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்தன. மணிக்கொரு தரம் தட்டுகளை இடம் மாற்றினேன், குச்சி நட்டுக் கட்டினேன். கண் கூசாத வெளிச்சம் என்பதால் பகல் முழுதும் அங்கேயே இருந்தேன். தலை வாரக் கண்ணாடியையும் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

ஒரு நாள் கண்ணாடியில் பார்த்தேன். கன்னங்களில் ஒன்றுமே இல்லை. நெற்றியில் இல்லை, மூக்கில் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. காலண்டரில் அன்றிலிருந்து மாதத்தை எண்ணத் தொடங்கினேன்.

மாத்திரை என் முகத்தைப் பூசணிக்காய் மாதிரி ஊத வைத்திருந்தது. தூக்கத்தைக் கெடுத்து, கைகளை நடுங்க வைத்தது. முகம்தான் தெளிந்துவிட்டதே என்று பாதியாகக் குறைத்தேன். பிறகு கால் பங்கு. பிறகு நிறுத்தியே விட்டேன். ஆஸ்பத்திரித் தேதியைப் போன் செய்து தள்ளிப்போட்டேன். சிவாவிடம் சொல்லவில்லை. அவருக்கு அப்போது இரவு வேலை, பகலில் தூங்குவார். ஒரு தடவை அடுப்படியில் பார்த்து, "கன்னம் செவந்த மாதிரி இருக்கே" என்றார். அடுப்புச் சூடு என்று வாயை அடைத்தேன். பாதம் வீங்கியது, சிறுநீர் நுரைத்தது, எழுந்தால் தலை சுற்றியது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன்.

மூன்றாவது மாதம், தாசேக் கெலுகோரிலிருந்து தங்கை கலா ஒரு நண்பகலில் வந்தாள். புழுக்கம் தாங்காமல் கூடத்து ஜன்னல் துணியை ஒதுக்கியவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா! மொகத்துல என்னக்கா இது?"

"என்ன? ஒன்னுமில்லையே."

அவள் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். கன்னம், மூக்கு, தாடை எல்லாம் சிவப்பு. முதல் தடவை வந்ததைவிட மோசம்.

எங்கள் தொழிற்சாலையில் சிவப்பு விளக்குகளைச் சோதிக்கும் இருட்டறை ஒன்று உண்டு. அங்கே பழுதான தட்டில் சிவப்புப் பேனாவால் குறி போடக்கூடாது. அந்த வெளிச்சத்தில் சிவப்பு மை கண்ணுக்கே தெரியாது, கறுப்புப் பேனாதான். புதிதாக வரும் பெண்களுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுப்பவள் நான். என் முகத்துக்கு மட்டும் அது எனக்கு நினைவு வரவில்லை. வரவேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ. விளக்கின் மேல் பழி சொல்ல எனக்கு வாய் இல்லை.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பயாப்ஸி (ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்ததில் சிறுநீரகம் இரண்டும் பாதிக்கப்பட்டிருந்தன.

"யாரு மாத்திரைய நிறுத்தச் சொன்னது?" என்றார் டாக்டரம்மா.

"மொகம் நல்லாயிடுச்சுன்னு நெனச்சேன் டாக்டர்." பின்னறையைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"கிட்னியக் காப்பாத்தணும்னா மாசம் ஒரு தடவ நரம்புல மருந்து ஏத்தணும். அதுல மாதவிலக்கு நின்னு போகலாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்."

சிவா என் முகத்தைப் பார்க்காமலே, "குடுங்க டாக்டர், ஆளு இருந்தா போதும்" என்றார். எனக்கு அவர் மேல் கோபம் பொங்கியது. என்னிடம் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், ஆனால் கேட்கவில்லையே என்ற கோபம்.

மருந்து ஏறியது. ஆறாவது முறை முடிந்தபோது சிறுநீரகம் தேறியிருந்தது. வீட்டில் சிவா பலகையைக் கழற்றப் போனார், நான் விடவில்லை. பக்கத்தில் ஒரு குண்டு பல்பை மாட்டினார். இலைகள் பச்சையாகத் தெரிந்தன, தண்டும் கொஞ்சம் தடித்தது.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். முகத்தைப் பகல் வெளிச்சத்தில், வெயில் படாத இடத்தில் நின்று பாருங்கள். வீட்டில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள். முகம் தெளிந்தாலும் மாத்திரையை டாக்டர் குறைக்கட்டும்.

இப்போதும் நான் நடந்துகொண்டேதான் இருக்கிறேன். மாலை ஏழு மணிக்குத்தான் எனக்கு விடிகிறது, அப்போதுதான் படியிறங்கி வெளியே போகலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரி. அங்கே இரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்த்த பிறகு நர்ஸ் கேட்பார், கடைசியாக மாதவிலக்கு எப்போது என்று. நான் ஒரு தேதி சொல்வேன். மருந்து ஏறத் தொடங்கிய இரண்டாவது மாதத்துத் தேதி அது.

போன வாரம் இருந்தவர் புதியவர், சின்னப் பெண். எழுதப் போனவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, இது ஏழு வருஷத்துக்கு முந்தின தேதியாச்சே?"

"ஆமாம்மா," என்றேன். "அதேதான். எழுதிக்க."