உள்ளேயிருந்து கட்டிய குடில்

வெர்னா ஹ்ரிட்சாக் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்களை அவள் புருஷன் கிளெம் வாசலிலேயே நிறுத்திப் பாடம் நடத்துவான்.

"சுடுதண்ணி வேணும்னா நீலக் குழாயைத் திற. மாடிப்படி விளக்குக்கு, அடுப்புக்கு மேல இருக்கிற ஃபேன் சுவிட்ச். ஃபேன் வேணும்னா என்னைக் கூப்பிடு. வாசல் மணியை மட்டும் தொட்டுடாதே, ஃபிரிட்ஜ் நின்னு போயிடும்."

இத்தனையும் வெர்னாவின் கைவண்ணம். கனடாவில் வினிபெக் ஏரிக்கரையில் ரிவர்டன் என்கிற அந்தச் சின்ன ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை ஏற்றி இறக்கியது போக மீதி நேரமெல்லாம் கையில் திருப்புளிதான். கல்யாணமான புதிதில் ரொட்டி சுடும் டோஸ்டர் கெட்டுப்போனது. ஆள் அனுப்பச் சொல்லலாம் என்றான் கிளெம். "எதுக்கு? நான் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்தாள். மறுநாள் காலை டோஸ்டர் வேலை செய்தது. ரொட்டி கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. வேலை செய்ததா இல்லையா என்று கேட்டு அவள் அன்றைக்கு ஜெயித்தாள். அதற்குப் பிறகு கிளெம் வாதம் பண்ணுவதில்லை. சமையலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, அடுப்பை மட்டும் அவள் கை படாமல் காப்பாற்றி வந்தான்.

வெர்னாவைப் போலவே கை ஊறுகிற ஆட்கள் ஊரில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஏரியில் வலைபோடும் ஐனார்; அவனுக்கு உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் பெட்ரோல் ரம்பம்தான் மருந்து. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ரோலண்ட். மரத்தில் துளை போடும்போதுகூட "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோ" என்று சொல்லிவிடுவார், பழக்கதோஷம். மாதாகோவிலில் ஆர்கன் வாசிக்கும் மார்ஜ். அவள் இரும்பைப் பற்றவைப்பாள். குருவிக்குத் தீனி வைக்க அவள் செய்துகொடுத்த தட்டை மரத்தில் மாட்டியதும் கிளை முறிந்து விழுந்தது. நால்வரும் சனிக்கிழமை தோறும் வெர்னாவின் கராஜில் கூடுவார்கள். காப்பியைக் குடித்துக்கொண்டே, அந்த வாரம் எதைப் பழுது பார்த்தோம், எது இன்னும் மோசமானது என்று பேசுவார்கள். செய்ததைப் படம் பிடித்து இணையத்தில் ஒரு குழுவில் போடுவார்கள். நாளாக ஆக அந்தக் குழுவில் கனடா முழுக்க ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

போன பனிக்காலத்தில் வெர்னாவுக்கு ஓர் அவமானம் நேர்ந்திருந்தது. உறைந்த ஏரிமேல் பனிக்கட்டியில் துளை போட்டு மீன்பிடிக்க அவள் தார்ப்பாய் போர்த்திய ஒரு குடில் வைத்திருந்தாள். ஒருநாள் வீசிய காற்றில் குடில் கிளம்பிவிட்டது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து தூண்டிலைப் பார்த்தபடி இருக்க, சுற்றிலும் சுவர் இல்லை. கொஞ்ச தூரத்தில் தன் குடில் வாசலில் நின்று பார்த்த ஐனாருக்கு அன்று வந்த சிரிப்பு சித்திரை வரை ஓயவில்லை.

"வெர்னா, உன் வீடு இப்ப எந்த ஊர்ல இருக்கு? கடுதாசி ஏதாவது போட்டுச்சா?" என்று கடையிலும் கோவிலிலும் பார்த்த இடத்திலெல்லாம் கேட்டான்.

"இருடா. அடுத்த குளிருக்கு நான் கட்டுற குடிலுக்குள்ள ஊசி முனையளவு காத்து நுழையட்டும், அப்புறம் நான் திருப்புளியைத் தொடலை" என்றாள் வெர்னா.

நவம்பர் மாதம் கராஜில் வேலை தொடங்கியது. கிளெமின் கார் வெளியே பனியில் போய் நின்றது. ஏரிமேல் இழுத்துப்போக அடியில் இரண்டு சறுக்குக் கட்டைகள், அதன்மேல் தளம், நடுவில் தூண்டில் விட ஒரு துவாரம், மூன்று சுவர், கூரை. மார்ஜ் ஓர் இரும்பு அடுப்பு செய்துகொடுத்தாள். அதை உள்ளே வைக்க நால்வரும் சேர்ந்து தூக்கியும் கிளெமையும் கூப்பிட வேண்டியிருந்தது. காற்று புகாமலிருக்க வெர்னா ஒரு பசை வாங்கி வந்திருந்தாள். ஒருமுறை பிடித்தால் உயிர் போனாலும் விடாது என்று டப்பாவில் போட்டிருந்தது. இடுக்கு இல்லாத இடத்திலும் அதைப் பூசினாள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டாளிகள் வருவதற்குள் நாலாவது சுவரையும் நிறுத்தி எல்லோரையும் வாயைப் பிளக்க வைக்க வேண்டும் என்பது அவள் திட்டம். கதவு இருந்தது அந்தச் சுவரில்தான். சுவரை உள்ளே இருந்தபடியே இழுத்து நிமிர்த்தினாள். விளிம்பெல்லாம் பசை தடவி, திருகு திருகாக முடுக்கினாள். தான் நுழைவதற்காகப் பக்கச் சுவரில் விட்டிருந்த பலகையையும் உள்ளிருந்தே அப்படியே அடைத்தாள். கடைசித் திருகு இறங்கியதும் திருகு இயந்திரத்தின் பேட்டரி முனகிக்கொண்டு செத்தது. பரவாயில்லை, வேலை முடிந்தது. ஃபிளாஸ்கிலிருந்த டீயை ஊற்றிக் குடித்தபடி தன் குடிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண் நிறைந்தது. இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டாள். அப்புறம் இன்னொன்று. எல்லாம் ஆன பிறகு வெளியே போகலாம் என்று கதவைத் தள்ளினாள்.

கதவு நாலு விரற்கடை திறந்து, 'டொக்' என்று எதிலோ இடித்து நின்றது.

இன்னொரு தள்ளு. டொக்.

சந்து வழியே எட்டிப் பார்த்தாள். கராஜ் சுவர் மூக்குக்கு நேரே நின்றது. குடிலின் கதவுப் பக்கத்தை அவள் சுவரை ஒட்டி வைத்துக் கட்டியிருந்தாள்.

சுவரைப் பிரிக்கலாம் என்றால் பேட்டரி செத்துவிட்டது, பசையும் இறுகிவிட்டது. கைபேசி வெளியே மேஜைமேல் இருந்தது. சூடு வெளியேறாமலிருக்க ஜன்னலை அஞ்சல் பெட்டி வாய் அளவுக்குத்தான் வைத்திருந்தாள். அதில் முகத்தை வைத்துக் கத்தினாள். வீட்டுக்குள் கிளெம் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தான். சுத்தியலை எடுத்துச் சுவரில் அடி அடியென்று அடித்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. சுத்தியல் சத்தம் கேட்டால் பெண்டாட்டி சௌக்கியமாக இருக்கிறாள் என்று அவனுக்கு அர்த்தம். கை வலித்து அவள் அடிப்பதை நிறுத்திய பிறகுதான் அவனுக்குத் திக்கென்றது. ஓடி வந்தான்.

"வெர்னா? எங்க இருக்க?"

"உள்ள."

"வெளிய வாயேன்."

"வர முடிஞ்சா வரமாட்டேனா?"

கிளெம் குடிலை ஒரு சுற்றுச் சுற்ற முயன்றான். மூன்று பக்கம்தான் சுற்ற முடிந்தது. நின்று யோசித்தான். முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சிரிச்சே, தொலைஞ்சே" என்றது ஜன்னல்.

"நான் எங்க சிரிச்சேன்? பசிக்குதா? பெரோகி வேக வெச்சிருக்கேன்."

உருளைக்கிழங்கு பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரோகியை ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே கொடுத்தான். அவள் ஒன்பதாவதை வாங்கும்போது கூட்டாளிகள் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்கள் ஆளை எப்படி எடுப்பது என்று கேட்கவில்லை. முதலில் குடிலைத் தடவிப் பார்த்தார்கள். "மூலையெல்லாம் என்ன கச்சிதம்!" என்றார் ரோலண்ட். "கூரைச் சரிவு அருமைடி" என்றாள் மார்ஜ். ஐனார் மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு மூச்சு விட முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"போன வருஷம் வீடு உன்னை விட்டுட்டு ஓடுச்சு," என்று திக்கித் திணறிச் சொன்னான். "இந்த வருஷம் விடமாட்டேங்குது!"

"ஐனார், நான் வெளிய வந்ததும் முதல் வேலை உன்னைத்தான் கவனிக்கப் போறேன்."

"அப்ப நீ உள்ளயே இரு."

குடிலைக் கொஞ்சம் தள்ளிவைத்தால் கதவு திறந்துவிடும் என்றாள் மார்ஜ். எல்லோரும் தோள்கொடுத்துத் தள்ளினார்கள். அசையவில்லை. குனிந்து பார்த்தால், பசை வழிந்து சறுக்குக் கட்டையும் சிமெண்ட் தரையும் கல்யாணம் பண்ணிக்கொண்டிருந்தன. ஐனார் தன் வண்டியைக் கொண்டுவந்து கயிறு கட்டி வெளியே இழுத்துவிடுகிறேன் என்றான். அதற்குள் ரோலண்ட் அளவு நாடாவைக் குடிலின் உயரத்துக்கு ஒருமுறை, கராஜின் பெரிய வாசலுக்கு ஒருமுறை பிடித்தார். மறுபடி பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

"வெர்னா, இதை வெளியே எப்படிக் கொண்டுபோறதா இருந்தே?"

ஜன்னலில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. ரோலண்ட் அதனிடம் நாடாவைக் காட்டினார்.

"வாசலைவிட இது ஒரு ஜாண் உயரம் ஜாஸ்தியா இருக்கே."

"இந்த வருஷம் நின்னு மீன் பிடிக்கலாம்னு இருந்தேன்" என்றாள் வெர்னா.

மார்ஜ் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டாள்: 'வெர்னா உள்ளே இருக்கிறாள். யோசனை சொல்லுங்கள்.' யோசனைகள் மழையாகக் கொட்டின. ஒருவர் கூரையைப் பிரி என்றார். இன்னொருவர் தரையைத் தோண்டு என்றார். பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானிலிருந்து ஒருவர் அது என்ன பசை, எங்கே கிடைக்கும், தன் படகுக்கு வேண்டும் என்று கேட்டார். அந்த இடத்துக்குத் திருகே தேவையில்லை, ஆணி போதும் என்று ஒருவர் எழுத, வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை.

"என் போனைக் குடு!"

ஜன்னல் வழியே கைபேசி உள்ளே போனது. ஆணியா திருகா என்று வெர்னா முகம் தெரியாத அந்த ஆளோடு வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்கு நின்றாள். வெளியே மூன்று பேரும் தங்கள் தங்கள் கைபேசியில் அவளுக்கு ஆதரவாக எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது யாருக்குமே, அவளுக்கும்தான், மறந்து போயிருந்தது. ஞாபகப்படுத்தியது டீ.

"ரோலண்ட்," என்றாள் வேறு குரலில். "நான் மூணு கோப்பை டீ குடிச்சிருக்கேன்."

"சந்தோஷம்."

"பல் டாக்டருக்குப் படிச்சா வேற எதுவும் தெரியாதா? எனக்கு இப்ப வெளிய வரணும்!"

எல்லோரும் சுறுசுறுப்பானார்கள். ஐனார் வண்டியிலிருந்து ரம்பத்தைக் கொண்டுவந்து கயிற்றை இழுத்துக் கிளப்பினான். "தள்ளி நில்லு, உன் சுவரை அறுக்கப்போறேன்."

"என் குடில் மேல ரம்பம் பட்டா கொன்னுடுவேன்!" என்று ஜன்னல் வழியே ஒரு கை நீண்டு ஆடியது. "கராஜை அறு!"

"என்னது?" என்றான் கிளெம்.

"கதவுக்கு எதிர்ல என்ன இருக்கு? பலகைச் சுவர்தானே? அதுல கதவளவுக்கு ஓட்டை போடு. கதவு நேரா தோட்டத்துப் பக்கம் திறக்கும். வந்துடுவேன்."

"வெர்னா, கராஜ் நம்மளோடது."

"குடில் என்னோடது."

கிளெம் மூன்று பேர் முகத்தையும் பார்த்தான். அவர்கள் கூரையையும் தரையையும் பார்த்தார்கள். "சீக்கிரம்!" என்றது ஜன்னல். அவன் பெருமூச்சு விட்டு, வீட்டுக்கு வரும் மின்சாரம் மொத்தத்தையும் அணைக்கப் போனான். அந்தச் சுவருக்குள் வெர்னா இழுத்த கம்பிகள் எது எங்கே போகிறது என்று ஆண்டவனுக்கும் தெரியாது.

ரோலண்ட் வெளிப்பக்கம் போய்ப் பனியில் மண்டியிட்டுக் கோடு போட்டார். "கொஞ்சம் வலிக்கும்" என்று சுவரிடம் சொன்னார். கோட்டைக் கொஞ்சமும் மதிக்காமல் ஐனார் அறுத்தான். மரத்தூள் பனியோடு சேர்ந்து பறந்தது. சுவர்த்துண்டு பொத்தென்று வெளியே விழுந்தது. பூட்டிய கூண்டைத் திறந்துவிட்ட மாதிரி கதவு படாரென்று திறந்தது. அதிலிருந்து வெர்னா பாய்ந்து வந்தாள். நன்றி சொல்லவில்லை, ஐனாரைக் கவனிக்கவில்லை, செருப்பில் பனி ஏற ஏற வீட்டைப் பார்த்து ஓடினாள். ஐம்பத்தைந்து வயதுக்கு அது நல்ல ஓட்டம் என்று மார்ஜ் சொன்னாள்.

மின்சாரம் மறுபடி வந்தபோது ஓர் அதிசயம் நடந்தது. ரம்பம் எந்தக் கம்பியை அறுத்ததோ, அன்று முதல் வாசல் மணி மணியாகவே அடித்தது, ஃபிரிட்ஜ் ஃபிரிட்ஜாகவே ஓடியது. கிளெம் இதை வெர்னாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சரிசெய்துவிடுவாள்.

குடில்தான் பாக்கி. அதைப் பெயர்க்க முடியாது, வெளியே கொண்டுபோகவும் முடியாது. வெர்னா இரண்டு நாள் யாரோடும் பேசாமல் அதன் உள்ளே போய் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டுதான். மூன்றாம் நாள் குளிர் தாங்காமல், புகைக்குழாயைக் கராஜ் கூரை வழியே வெளியே விட்டு, மார்ஜின் அடுப்பை மூட்டினாள். ஊசி முனை நுழையாத குடில் அல்லவா? கொஞ்ச நேரத்தில் கோட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. பிறகு ஸ்வெட்டரை. சூடு கொஞ்சம் தணியட்டும் என்று, அனல் தங்குவதற்காக அடுப்பு மேல் மார்ஜ் அடுக்கியிருந்த கற்களில் தண்ணீர் தெளித்தாள். புஸ்ஸென்று ஆவி எழுந்து கூரை வரை நிறைந்தது. வியர்த்து விறுவிறுத்து, முகம் பீட்ரூட்டாகச் சிவந்து வெளியே வந்தவள் நேராகத் தோட்டத்துப் பனியில் விழுந்து புரண்டாள்.

சமையலறை ஜன்னலில் பார்த்த கிளெம் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "என்ன ஆச்சு? தீப்பிடிச்சுக்கிச்சா?"

"கிளெம்," என்றாள் அவள் மல்லாந்து கிடந்தபடி, "நாம ஒரு நீராவிக் குளியலறை கட்டியிருக்கோம்."

உள்ளே பலகைப் படிகள் போட்டாள். தூண்டில் துவாரம் தண்ணீர் வடிய வாகாக இருந்தது. நின்று மீன் பிடிப்பதற்கென்று வைத்த உயரத்தில் ஆவி மேலே நின்று கனன்றது. குழுவில் படம் போட்டபோது ஆணிக்காரர்கூடப் பாராட்டி எழுதினார். எல்லாவற்றையும் முதலிலிருந்தே திட்டம் போட்டுத்தான் செய்தாயா என்று ஒருவர் கேட்டதற்கு, "பின்னே?" என்று பதில் எழுதினாள்.

இப்போது சனிக்கிழமைக் கூட்டம் துண்டைக் கட்டிக்கொண்டு குடிலுக்குள்தான் நடக்கிறது. எவ்வளவு சூடு என்று ரோலண்ட் அளக்கிறார். இன்னும் பெரிய அடுப்பு செய்யட்டுமா என்று மார்ஜ் கேட்கிறாள். வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். மேல்படியில், எல்லாருக்கும் முன்னால் வந்து இடம் பிடித்துக்கொள்வது கிளெம். கார் பனிக்காலம் முழுக்க வெளியே கிடந்து உறைகிறது. காலையில் அதன் கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போது அவன் என்னவோ முணுமுணுப்பது உண்டு. சாயங்காலம் கேட்டால் ஒன்றும் ஞாபகமில்லை என்பான்.

"ஏ வெர்னா," என்றான் ஐனார் ஒருநாள், ஆவிக்குள்ளிருந்து. "என் வீட்டுலயும் இப்படி ஒண்ணு கட்டிக் குடேன்."

"கட்டிடலாம்," என்றாள் வெர்னா. "உன் கராஜ் சுவர் பலகையா, செங்கல்லா?"