எட்டிப் பார்த்த வரி

பொறாமை எனக்குப் புதிதல்ல. பேருந்தில் சன்னலோரம் கிடைத்தவன்மீதுகூடப் பட்டிருக்கிறேன். ஆனால் எட்டு மணி நேரம், கைக்கெட்டும் தூரத்தில், பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் பொறாமை வேறு மாதிரி.

பள்ளிபாளையத்தில், ஜக்கார்டு டிசைன் போடும் அறை. சேலை பார்டர் வரைவோம். அதைத் தறி படிக்கும் கோப்பாக மாற்றி பென்டிரைவில் கொடுப்போம். இரண்டு கணினிகள், இரண்டிலும் லினக்ஸ். நான் பதினெட்டு வருடமாக. பக்கத்து நாற்காலியில் அவள், எட்டு மாதமாக. ஆனால் கதவைத் திறந்ததும் முதலாளியின் கண் போவது அவள் பக்கம்.

எல்லாம் வரையும் மென்பொருளால். என்னுடையது சோதித்து முடித்த ஸ்டேபிள் வரிசையில் வந்தது, பழசு, அசையாது. அவள் கணினியும் ஸ்டேபிள்தான், வரையும் மென்பொருள் மட்டும் இன்னும் சோதனையில் இருக்கும் டெஸ்டிங் வரிசையிலிருந்து எடுத்த புதுசு. அதில் கொடியின் நுனியைப் பிடித்து இழுத்தால் இலைகளெல்லாம் கூடவே வளையும். நான் ஒவ்வோர் இலையாகத் திருப்ப வேண்டும். பத்து இலை திருப்புவதற்குள் அவள் டீ குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை எடப்பாடித் தறிக்காரர் ஒருவர் கல்யாணச் சேலைக்குக் கொடி பார்டர் கேட்டார். மதியத்துக்குள் வேண்டும்.

"நீயே போடப்பா. நல்லா வந்துச்சுன்னா இனி அவங்க சேலை எல்லாம் உன்ற கைக்குத்தான்" என்றார் முதலாளி. எட்டு மாதத்தில் முதன்முறையாக என்னிடம்.

அவளைவிட நன்றாக வரவேண்டும். அவளிடம் கேட்கவோ வாய் வரவில்லை. முந்தின வாரம் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒரு வரியை மனப்பாடம் செய்திருந்தேன், டெஸ்டிங்கை எங்கிருந்து எடுப்பது என்று கணினிக்குச் சொல்லும் வரி. கவிதை எழுதுகிற எனக்கு ஒரு வரி மறந்துபோகுமா? அதை என் கணினியின் பட்டியலில் சேர்த்தேன். எல்லாவற்றையும் புதுப்பிக்கச் சொன்னேன். இவற்றையெல்லாம் நீக்கப் போகிறேன், சரியா என்று நீளமாகக் கேட்டது. படிக்காமலே சரி என்றேன்.

எனக்கு வேண்டியது ஒன்று, இறங்கியது ஆயிரம். முடிந்தபோது வரையும் மென்பொருள் பளபளவென்று நின்றது. தறிக்கோப்பாக மாற்றும் செயலியைக் காணோம். பழசை நம்பியிருந்தது அது. பழசு போனதும் அதுவும் போய்விட்டது. மணி பதினொன்று.

"ஏனுங்ணா, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?" அவள்தான். எட்டிப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "டெஸ்டிங்கச் சேத்துட்டீங்களா? பின் பண்ணுனீங்களா?"

"என்ன பின்?"

சிரிப்பை அடக்க முயன்றாள், முடியவில்லை. தன் கணினியில் வேறொரு கோப்பைத் திறந்து காட்டினாள். மொத்தம் ஆறே வரி. முன்னுரிமை எண் ஸ்டேபிளுக்கு ஐந்நூறு, டெஸ்டிங்குக்கு நூறு.

"இதுதாங்ணா பின். பெரிய எண்ணுதான் மொதல்ல வரும். சின்னது நாம கேட்டாத்தான் வரும். இது இல்லீனா புதுசு பூராம் உள்ள பூந்துரும்."

"பழையபடி எறக்கீரலாமா?"

"ஏத்தறது சுலுவு, எறக்கறது ஆகாதுங்ணா. நாளைக்குத் தொடச்சுட்டு முச்சூடும் புதுசாப் போட்டுக்கலாம். இப்ப எந்திரிங்க, என்ற சீட்டுல உக்காருங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "அன்னைக்கு நீங்க எட்டிப் பாத்தது ஸ்கிரீன்ல தெரிஞ்சுதுங்ணா. கேட்டிருந்தா சொல்ல மாட்டனா?"

அவள் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கொடியை இழுத்தேன். இலைகள் தாமாகவே வளைந்தன, காற்றுக்கு வளைவதுபோல, என் பதினெட்டு வருடத்தைக் கேலி செய்வதுபோல. இத்தனை சுகத்தை இவள் தினமும் அனுபவித்திருக்கிறாள். பன்னிரண்டரைக்குள் வரைந்து, மாற்றி, பென்டிரைவில் ஏற்றிவிட்டேன்.

முதலாளி குனிந்து திரையைப் பார்த்தார். "அட, கொடி ஓடுதே! யாரம்மா போட்டது?" அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான், கேள்வி அவளுக்கு.

"அண்ணந்தானுங்க" என்றாள். என் கணினி பாழானதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எடப்பாடிச் சேலைகள் என் கைக்கு வந்தன. அவள் இடத்தில் நானாக இருந்தால் அந்தச் சொல்லைச் சொல்ல எத்தனை நேரம் எடுத்திருப்பேன்? சொல்லியிருப்பேனா? அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அன்று மாலை வண்டியை எடுக்கும்போது மென்பொருளை மறந்துவிட்டு, அந்த ஒரு நொடிமீது பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.