நாற்பத்தோராம் காணிக்குத் தண்ணீர்

வதனிக்கு முப்பத்துநான்கு வயது. கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வெல்லாவெளி வீட்டிலிருந்தே ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறாள். காலையில் உட்கார்ந்தால் பின்னேரம்தான் முதுகு நிமிரும். அதற்குமேல் ஊர் வேலை. கம்ப்யூட்டர் தெரிந்த குற்றத்துக்காக, வயல்களுக்குத் தண்ணீர் முறையைத் தொலைபேசியில் காட்டும் பொறுப்பையும் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு அவள் தலையில் கட்டிவிட்டது. மறுக்கத் தெரியாத மனுஷி.

கோடையில் விதைக்கும் சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் மட்டு; மேலிருந்து திறந்தால் கடைசிவரை எட்டாது. அதனால் நாற்பத்தொரு காணி உள்ள எங்கள் வயல் வட்டையில் வாய்க்காலின் கடைசிக் காணிக்குத்தான் முதல் தண்ணீர். நாற்பத்தொன்று முதலில், ஒன்று கடைசியில்.

வதனி அந்த வரிசையை ஜாவாஸ்கிரிப்டில் மெப் என்னும் பட்டியல் வகையில் போட்டாள். மெப் போட்ட வரிசையைக் குலைக்காது. ஆனால் அதை அப்படியே தொலைபேசிகளுக்கு அனுப்ப முடியாததால் ஒப்ஜெக்ட் என்னும் இன்னொரு வகையாக மாற்றினாள். ஆட்களின் பெயரை வைத்துச் சோதித்தபோது எல்லாம் சரி. ஒரே பெயரில் நாலு பேர் இருந்ததால் பிறகு பெயரை எடுத்துவிட்டுக் காணி இலக்கத்தை வைத்தாள். அங்கேதான் வந்தது வினை. எண்ணைக் கண்டால் ஒப்ஜெக்ட் நாம் வைத்த வரிசையை மதிக்காது; சிறியதிலிருந்து தானே அடுக்கிவிடும். களைப்பில் அவள் மறுபடி சோதிக்கவில்லை.

வாய்க்கால் திறந்துவிடும் வட்டை விதானை சுதாகரன் இருபது வருடமாகக் கடைசிக் காணிக்கே முதலில் திறந்தவர். அன்று தொலைபேசியைப் பார்த்து ஒன்றாம் காணிக்குத் திறந்தார். "போனில வந்தா மேலிடத்து முடிவெண்டு நினைச்சன்" என்றார் பிறகு. நல்ல நினைப்பு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்? ஐந்தாம் நாள் குளத்துக் கதவைப் பூட்டியபோது தண்ணீர் முப்பதாம் காணியோடு நின்றுவிட்டது.

நாற்பத்தோராம் காணி புஸ்பத்துடையது. கதிர் வரும் நேரம், நிலம் வெடித்துக் கிடந்தது. வதனி வரம்பில் நின்று மெப், ஒப்ஜெக்ட் என்று விளக்கினாள். புஸ்பம் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு விளங்காது புள்ள. ஒண்டாம் காணி ஆருட?"

"அப்பாட, மாமி."

"அப்ப சரி" என்றுவிட்டுப் புஸ்பம் வரம்பால் நடந்துவிட்டார்.

வதனி வீட்டுக்கு வந்து ஒப்ஜெக்டை எடுத்துவிட்டு, இலக்கமும் பெயருமாகச் சோடி சோடியாகப் பட்டியலில் அனுப்பும்படி மாற்றினாள். பத்து நிமிட வேலை. அடுத்த தண்ணீருக்கு இன்னும் பத்து நாள்; அதற்குள் புஸ்பத்தின் நெல் பதராகிவிடும். இரவு சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அப்பாவிடம் போனாள்.

"அப்பா, அறுத்ததும் எங்கட நெல்ல புஸ்பம் மாமிட வளவில இறக்குவம்."

அருமைநாயகம் மகளை நிமிர்ந்து பார்த்தார். "இறக்கினா, நாம களவெடுத்தது உண்மையெண்டு ஆயிடும் புள்ள."

"இறக்காட்டியும் அப்பிடித்தான் அப்பா" என்றாள் வதனி.