மணிக்கட்டை ஃபிக்ஸ் பண்ணுவது

தனசேகர் அண்ணனுக்கு மறுநாள் காலையில் ஆபரேஷன். கையெழுத்தெல்லாம் போட்டாகிவிட்டது. அவர் சொல்லும் ஒரு எண்ணை எழுதிக்கொண்டு போயிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். ஆனால் அன்று அந்த வார்டை விட்டு என்னால் நகர முடியவில்லை.

ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவில் நான் ஆராய்ச்சி உதவியாளன். மணிக்கட்டு மூட்டு தேய்ந்து ஆபரேஷனுக்கு வருகிறவர்கள் அதிலிருந்து என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே அளப்பது என் வேலை. ஆபரேஷன் நன்றாக முடிந்தும் ஏமாந்துபோய் நிற்கிறவர்கள் உண்டு. அவர்களை முன்பே கண்டுபிடிக்கத்தான் இந்த அளவு. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பத்துக்குப் பத்து

"கை எவ்வளவு சரியாகும்னு எதிர்பாக்கறீங்க? பூஜ்ஜியத்துலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்கண்ணா."

தனசேகர் அண்ணன் கல்மண்டபத்தில் பரோட்டா மாஸ்டர். எப்போதோ விழுந்து உடைந்த வலது மணிக்கட்டு சரியாகக் கூடாமல், மூட்டு தேய்ந்துவிட்டது. யோசிக்காமல் சொன்னார்.

"டாக்டரம்மா தங்கமான மனுஷி. பத்துக்குப் பத்து போட்டுக்க நைனா."

பக்கத்துக் கட்டில்காரர் குரல் கொடுத்தார்: "எனுக்கும் பத்து போடுப்பா. கம்மியா போட்டா ஊசிய அழுத்திக் குத்திடப் போறாங்க."

வார்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மார்க் என்பதை எங்கள் ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இவர் தன் கையைப் பற்றிப் பேசவில்லை. டாக்டருக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

2. ஃபேன்

எண்ணை எழுதாமல் வேறு மாதிரி கேட்டேன். "கை சரியாயி கடைக்குப் போனதும் மொதல்ல இன்னாண்ணா செய்வீங்க?"

"இன்னா செய்வேன், வீச்சுதான்!" இடது கையாலேயே காற்றில் மாவைச் சுழற்றிக் காட்டினார். "இப்ப வீசனா மணிக்கட்டுல நெருப்பு வெச்ச மாறி கீது. மொதலாளி வேற ஆள் பாத்துகினு கீறாரு."

அவருக்கு நடக்கவிருந்தது மூட்டையே பிளேட் வைத்து இறுக்கிவிடும் ஆபரேஷன். வலி போய்விடும். ஆனால் மணிக்கட்டு இனி மடங்காது.

"அண்ணா, அப்புறம் மணிக்கட்டு மடங்காதுன்னு டாக்டர் சொன்னாங்களா?"

"மடங்காதா? ஃபிக்ஸ் பண்ணிடலாம்னுதானே சொன்னாங்க. இன்னா நைனா பேஜாரு பண்ற? ஃபேன ஃபிக்ஸ் பண்ணா சுத்தாமயா பூடும்?"

டாக்டரைத் தேடிப் படிக்கட்டில் மாடிக்கு ஓடினேன். டாக்டர் புறநோயாளிக் கூட்டத்தின் நடுவில் இருந்தார்.

"தெளிவா சொன்னேனேப்பா, ஃபிக்ஸ்னு."

"ஆமா மேடம். அவர் ஃபேன மாட்டற மாதிரி ஃபிக்ஸ்னு நெனச்சிட்டார், மடங்கும்னு."

பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து என்னோடு வார்டுக்கு வந்தார். தன் கையையே விறைப்பாக நீட்டிக் காட்டினார். "இப்படியே நிக்கும். வலி இருக்காது. இன்னொரு வழியும் இருக்கு. தேஞ்ச எலும்புல சிலதை எடுத்துட்டா பாதி அளவுக்கு மடங்கும். ஆனா வலி கொஞ்சம் மிஞ்சலாம். பின்னாடி மறுபடி தேயவும் செய்யலாம். நாள் பூரா வீச முடியுமான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

தனசேகர் அண்ணன் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலி கொஞ்சம் இருந்துட்டுப் போவட்டும்மா. மடங்கணும்."

மறுநாள் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்து, வேறு நாள் கொடுத்தார்கள். கிளம்புமுன் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்டேன்.

"ஆறு. டாக்டரம்மா கோச்சிக்க மாட்டாங்கல்ல?"

"ஆறுதான் நல்ல பதில்" என்றார் டாக்டர்.

3. காது

நம் கேள்வித்தாளில் இப்போது எண்ணுக்கு முன்னால் அந்தக் கேள்வி இருக்கிறது: கை சரியானதும் முதலில் என்ன செய்வீர்கள்? அதைக் கேட்காமல் எண்ணை எழுதாதீர்கள். பத்து என்று சொன்னால் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

அந்த இரண்டாவது வழியில் ஆபரேஷன் முடிந்து தனசேகர் அண்ணன் கடைக்குத் திரும்பிவிட்டார். கூட ஒரு ஆளும் இருக்கிறார்; மாறி மாறி வீசுகிறார்கள். மாலையில் அந்தப் பக்கம் போனால் லாரி இரைச்சலுக்கு நடுவே என் காது அந்தக் கடைக்குத்தான் போகிறது. மேசையில் மாவு விழும் சத்தம் நடுவில் நின்றால் நானும் பைக்கை நிறுத்திவிடுகிறேன். மறுபடி 'பட்'டென்று கேட்ட பிறகுதான் கிளம்புகிறேன்.